சொறிமுட்டையும் தடயம் இல்லாத வலியும்

இம்மாதம் சொறிமுட்டையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் எமது அலுவலகத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நுண்கடன், காணி உறுதி, வீட்டு வன்முறை என்று எழுதிவந்த பக்கத்தில் ஒரு கடற்பிராணிக்கு என்ன வேலை என்பது அவர்களது கேள்வி. கரையோரக் கிராமங்களில் இருந்து இவ்விதழை வாசிக்கும் சகோதரிகள் சிரிக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை ஜெலி மீன் என்று படித்திருப்பீர்கள். உண்மையில் அது மீன் அல்ல. எலும்பு இல்லை, இதயம் இல்லை, மூளையும் இல்லை. உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு வெறும் தண்ணீர். அப்படியான ஒன்று ஒரு வளர்ந்த மனிதரை வைத்தியசாலைக் கட்டிலில் கிடத்திவிடும்.

வாகரைப் பக்கத்தில் களப்புக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், 2007இல் கணவரை இழந்தவர், என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கால்ல ஏதோ சுர்ரெண்டிச்சு புள்ள. பாத்தா ஒண்டும் இல்ல. வீட்ட வந்து சோறு வடிக்கக்குள்ள முதுகு பிளக்கிற மாதிரி நோ. சத்தி. விடியும் மட்டும் கண் மூடல்ல.”

அடுத்த நாள் அவர் மருந்தெடுக்கப் போனார். காலைப் பார்த்தார்கள், ஓர் அடையாளமும் இல்லை. பிறகு கேட்ட கேள்விகள் எல்லாம் வேறு. கணவர் எங்கே, தனியாகவா இருக்கிறீர்கள், பழைய நினைவுகள் வருமா, நித்திரை வருமா? கடைசியில் பனடோலும், மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டும் கொடுத்து அனுப்பினார்கள். முதல்நாள் தண்ணீருக்குள் அவரைத் தொட்டது எது என்று எவரும் கேட்கவில்லை.

நான் மனநலக் கிளினிக்குக்கு எதிரானவள் அல்ல. போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உளவளத்துணை எட்டும் தூரத்தில் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பல வருடங்கள் அலைந்தவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் இன்னொன்றையும் களத்தில் காண்கிறேன். ‘போரால் பாதிக்கப்பட்டவர்’ என்ற எழுத்து ஒரு பெண்ணின் கோவையில் ஒருமுறை ஏறிவிட்டால், பின்னர் அவளுக்கு வயிறு நொந்தாலும் முதுகு நொந்தாலும் அது மனசால் வந்தது என்றாகிவிடுகிறது. உடம்பில் தடயம் இருந்தால்தான் வலியை வலி என்று ஏற்பார்கள்.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அவுஸ்திரேலியாவின் கெயர்ன்ஸ் நகரத்து வைத்தியர் இருவரின் கதையை வாசித்தேன்.

கெயர்ன்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே வெப்பவலயக் கடலோரம் இருக்கும் ஊர். அங்கே கடலில் குளித்தவர்கள் சிலர் விசித்திரமான ஒரு வருத்தத்துடன் வந்தார்கள். கடலில் நின்றபோது இலேசான ஒரு சுணை. தோலில் மெல்லிய சிவப்பு; சிலருக்கு அதுவும் இல்லை. அரை மணித்தியாலம் அளவில், வீட்டுக்கோ கடைக்கோ போய்ச் சேர்ந்த பின்னர், நாரி தாங்க முடியாமல் வலிக்கும். கை கால் இழுக்கும், வியர்வை ஓடும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் ஏறும். இவற்றோடு, தான் சாகப்போகிறேன் என்ற உறுதியான பயம் ஒன்றும் சேர்ந்து வரும். நோயாளி பயந்த சுபாவம் உள்ளவர் என்பதால் வருவதல்ல அது. நஞ்சு செய்யும் வேலைகளில் அந்தப் பயமும் ஒன்று என்று இன்று மருத்துவ நூல்களில் நோயின் அறிகுறியாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஹியூகோ பிளெக்கர் என்பவர் அவ்வூரில் எக்ஸ்ரே வைத்தியராக இருந்தவர். செடிகொடி, பூச்சி, கடற்பிராணி எல்லாவற்றையும் ஆராயும் ஆர்வமுள்ளவர். இன்னதென்று அறியாத பொருளால் கடலில் குளிப்போருக்கு ஏற்படும் காயங்கள் பற்றி 1945இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். 1952இல் அந்த வருத்தத்துக்கு ‘இருக்கன்ஜி’ என்று பெயர் வைத்தார். காரணமான பிராணியை அதுவரை யாரும் கண்டதில்லை. காணாவிட்டால் என்ன, இத்தனை பேர் ஒரேமாதிரிச் சொல்கிறார்களே என்று அவர்களின் சொல்லை நம்பித்தான் பெயர் வைத்தார். எனக்கு இக்கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இருக்கன்ஜி என்பது கெயர்ன்ஸுக்கு வடக்கே கரையோரம் வாழ்ந்த ஆதிக்குடி மக்களின் பெயர். வெள்ளையர் குடியேற்றத்தால் நிலத்தையும் உயிர்களையும் இழந்தவர்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். உலகம் முழுவதும் அவர்களின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பது ஒரு நோயின் பெயராக மட்டுமே. ஒரு சனத்துக்கு இப்படியும் நடக்கும்.

பிளெக்கர் 1957இல் காலமானார். தேடலைத் தொடர்ந்தவர் அதே ஊர் வைத்தியர் ஜாக் பார்ன்ஸ். அவர் நோயாளிகளை நம்பியதோடு நிற்கவில்லை, அவர்கள் சொன்னதில் இருந்து கணக்குப் போட்டார். யாரும் காணவில்லை என்றால் அது மிகச் சிறியதாகவும் கண்ணாடி போன்றதாகவும் இருக்க வேண்டும். தடயம் இல்லை என்றால் இழைகள் மிக மெல்லியவையாக இருக்க வேண்டும். பல தடவை தேடிய பின், 1961 டிசெம்பரில் விரல் நகத்தளவான இரண்டு சொறிமுட்டைகளைப் பிடித்தார். பெட்டிபோன்ற உடம்பு, நான்கு மூலையிலும் மூலைக்கு ஒன்றாக நான்கே நான்கு இழைகள். இதுதானா என்று உறுதிசெய்ய அதைத் தன்மேல் வைத்துச் சுடவிட்டார். உயிர்காப்புப் படை இளைஞர் ஒருவரின் மேலும், தன் ஒன்பது வயது மகனின் மேலும் வைத்தார். சற்று நேரத்தில் மூவரையும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. மூவரும் பிழைத்தார்கள்.

அந்தப் பிள்ளையின் தாயை நினைத்துப் பார்த்தேன். இன்று எந்த வைத்தியருக்கும் இப்படிச் செய்ய அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. 1964இல் பார்ன்ஸ் தன் முடிவுகளை வெளியிட்டார். 1967இல் அப்பிராணிக்கு அவர் பெயரைச் சேர்த்து ‘கருக்கியா பார்னசி’ என்று பெயரிட்டார்கள். 2002இல் குயின்ஸ்லாந்தில் உல்லாசப் பயணிகள் இருவரின் மரணத்துக்கு இருக்கன்ஜி நஞ்சே காரணம் என்று முடிவானது. இன்று அப்பகுதி வைத்தியசாலைகளில் தடயமில்லாமல் நாரி வலியோடு ஒருவர் வந்தால் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, “இதற்கு முன்னர் கடலில் நின்றீர்களா?” என்பது. எமது ஊர்களிலும் வீட்டில் என்ன பிரச்சினை என்று கேட்பதற்கு முன்னர் இந்தக் கேள்வியைக் கேட்கலாம். அதற்குச் செலவில்லை.

அதே கடலில் இன்னொன்று இருக்கிறது. அது தடயம் விடும். 1955 ஜனவரி 20ஆம் திகதி கெயர்ன்ஸுக்குத் தெற்கே கார்ட்வெல் என்ற இடத்தில் ஆழமில்லாத தண்ணீரில் நின்ற ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சில நிமிடங்களில் இறந்துபோனான். பிளெக்கர் பொலிசாரைக் கொண்டு அந்த இடத்தில் வலை போட வைத்தார். வலையில் அகப்பட்டவற்றுள் ஒன்று எவரும் பெயரிட்டிராத பெட்டிச் சொறிமுட்டை. அந்த வருட முடிவில் அதற்கு ‘கைரோனெக்ஸ் பிளெக்கரி’ என்று பெயர் வந்தது. வளர்ந்தால் சாப்பாட்டுக் கோப்பை அளவு உடம்பு, மூலைக்குப் பதினைந்து வரை இழைகள், நீட்டினால் மூன்று மீற்றர். இழை பட்ட இடம் சவுக்கால் அடித்ததுபோலத் தழும்பாகும். கூடுதலாகப் பட்டால் இதயம் நிற்கும்.

அந்தக் கடற்கரைகளில் உயிர்காப்புப் பணி செய்த பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்கள் அணியும் நீளக் காலுறையை வாங்கி, ஒன்றைக் காலுக்கும் இன்னொன்றைக் கைக்குமாக மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். மெல்லிய அந்தத் துணியே போதுமான காப்பு. காரணத்தைச் சொல்கிறேன். சொறிமுட்டையின் இழை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சுக் கூடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் சுருட்டி வைத்த நூல்போல ஓர் ஊசி. மனிதத் தோலோ மீனோ தொட்டவுடன், கண் இமைக்கும் நேரத்துக்கும் குறைவாக, ஊசி பாய்ந்து நஞ்சைச் செலுத்தும். இடையில் ஒரு துணி இருந்தால் ஊசி தோலை எட்டாது. ஆகவே களப்பில் இறங்கும்போது ஒட்டியிருக்கும் நீளக் காற்சட்டையும் முழுக்கைச் சட்டையும் போடுவது நல்லது. பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவதுதான் எமது வழக்கம் என்பது தெரியும். “காற்சட்டை போட்டால் சனம் என்ன கதைக்கும்?” என்று கேட்ட ஓர் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்த அம்மா சொன்ன பதிலை இங்கே அச்சிட முடியாது.

அந்தக் கூடுகளைச் சுட வைக்க மூளை தேவையில்லை, உயிரும் தேவையில்லை. கரையில் ஒதுங்கிச் செத்துக் கிடக்கும் சொறிமுட்டையும் சுடும். அறுந்து வலையில் தொங்கும் இழைத்துண்டும் சுடும். காய்ந்துபோன இழை மறுபடி நனைந்தாலும் சுடக்கூடும். போட்டவன் போன பின்னரும் கிடந்து வெடிக்கும் மிதிவெடியைப் பற்றி இவ்விதழ் வாசகியருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அதையே உதாரணமாகச் சொல்லுங்கள், உடனே விளங்கிக்கொள்வார்கள்.

கைரோனெக்ஸின் இருப்பிடம் வட அவுஸ்திரேலியாவும் அதை அடுத்த கடல்களும் ஆகும். அதை நினைத்து இங்கே பயப்பட வேண்டாம். ஆனால் பெட்டி வடிவான வேறு இனங்கள் இலங்கைக் கடலிலும் பதிவாகியிருக்கின்றன. குடை வடிவானவை பலவிதம் உண்டு. காற்று கரையைப் பார்த்து வீசும் காலத்தில் நீல நிறத்தில் காற்றடைத்த பைபோன்ற ஒன்றும் கரைக்கு வரும். பார்க்க விளையாட்டுப் பலூன்போல இருப்பதால் பிள்ளைகள் கையில் எடுப்பார்கள். அதன் அடியில் நீளமான நீல இழை தொங்கும். சுட்டால் சங்கிலிபோலக் கோடு விழும்.

சரி, சுட்டுவிட்டால் என்ன செய்வது? எமது கிராமங்களில் மணலைப் போட்டுத் தேய்க்கிறார்கள், சுண்ணாம்பு பூசுகிறார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், சிறுநீரும் ஊற்றுகிறார்கள். இவை எதுவும் வேண்டாம். தேய்த்தால் தோலில் ஒட்டியிருக்கும் சுடாத கூடுகளும் சுடும். கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் பட்டாலும் அப்படித்தான். இறுக்கிக் கட்டுவதும் கூடாது.

முதலில் ஆளைத் தண்ணீரில் இருந்து வெளியே எடுங்கள். நீலப்பை என்று தெளிவாகத் தெரிந்தால் கடல் தண்ணீரால் கழுவி, குச்சியாலோ கையுறை போட்ட கையாலோ இழைகளைத் தேய்க்காமல் தூக்கி எடுத்துவிட்டு, சுடுநீரைப் பயன்படுத்த வேண்டும். சுமார் 45 பாகை செல்சியஸ் சூடு, இருபது நிமிடம். வெப்பமானி எங்கே என்று கேட்காதீர்கள். குழந்தையைக் குளிப்பாட்ட முன்னர் முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அந்தப் பதத்தைவிடச் சற்றுக் கூடிய, ஆனால் தாங்கக்கூடிய சூடு. சுடுபட்டவர் வலியில் சூட்டை உணரமாட்டார். ஆகவே வேறொருவர்தான் கைவைத்துப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வெந்துவிடும். இது பாட்டி வைத்தியம் அல்ல. அவுஸ்திரேலியாவின் நியூகாசில் பகுதிக் கடற்கரைகளில் நீலப்பை சுட்ட 96 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குச் சுடுநீரும் மறுபகுதியினருக்கு ஐஸும் கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் முடிவு வந்தது. இருபது நிமிடத்தில் சுடுநீர் பெற்றவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு வலி குறைந்திருந்தது. ஐஸ் பெற்றவர்களில் 33 பேருக்குத்தான்.

வினாகிரியைப் பற்றிக் கேட்பீர்கள். பெட்டிச் சொறிமுட்டையின் சுடாத கூடுகளை வினாகிரி செயலிழக்கச் செய்யும் என்று 1980இல் குயின்ஸ்லாந்தில் கண்டறிந்தார்கள். அரை நிமிடமாவது தாராளமாக ஊற்ற வேண்டும். அதன் பின்னரே இழையை எடுக்க வேண்டும். ஏற்கெனவே ஏறிய நஞ்சை அது முறிக்காது, வலியையும் குறைக்காது. மேலும் நஞ்சு ஏறாமல் தடுக்கும், அவ்வளவுதான். நீலப்பைக்கு வினாகிரி வேண்டாம் என்று அவுஸ்திரேலியாவில் சொல்கிறார்கள், ஹவாய் ஆய்வாளர்கள் ஊற்றலாம் என்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே இன்னும் ஒரு முடிவு இல்லை. பெட்டிச் சொறிமுட்டை இருக்கும் வெப்பவலயக் கடல்களில் அவுஸ்திரேலியர் பின்பற்றும் வழி இது: சுட்டது எதுவென்று தெரியாவிட்டால் வினாகிரி, நீலப்பை என்று தெரிந்தால் சுடுநீர். நான் கூட்டங்களில் சொல்வதும் இதைத்தான். சமையலுக்கு விற்கும் சாதாரண வினாகிரி, அச்சாறு போடும் தென்னங்கள்ளு வினாகிரி போதும். செறிந்த அமிலத்தைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

மூச்சு விடக் கஷ்டம், நெஞ்சு நோ, மயக்கம், முகம் வீங்குதல், ஓயாத வாந்தி, நாரி வலி இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நேரத்தைக் கடத்தாமல் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். சிறுபிள்ளைக்குப் பட்டாலும், கண்ணில் பட்டாலும், உடம்பில் பெரிய பகுதியில் பட்டாலும் அப்படியே. மூச்சும் நாடியும் நின்றால் வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்த முதலுதவியைப் பழக்குவதற்கு உங்கள் மாதர் சங்கத்துக்கு ஆளைக் கூப்பிடலாம், வருவார்கள்.

தாய்லாந்தின் கோ பங்கன், கோ சமுய் தீவுகளில் 2014இலும் 2015இலும் பெட்டிச் சொறிமுட்டை சுட்டு ஆட்கள் இறந்தார்கள். அந்நாட்டுக் கடற்கரைகளில் வினாகிரிப் போத்தல் வைத்த கம்பங்களை நட்டிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு கைமருந்து உண்டு. கடற்கரையில் படரும் ஒரு கொடியின் இலையைக் கசக்கிச் சாறு பூசுவார்கள். அது வேறொன்றுமல்ல, எமது அடம்பன் கொடிதான். தாய்லாந்து ஆய்வுகூடங்களில் அதன் சாற்றைச் சோதித்து, நஞ்சின் சில செயல்களை அது குறைப்பதாகவும் கண்டிருக்கிறார்கள். அதற்காகச் சுட்டவுடன் ஓடிப்போய் இலையைப் பிடுங்கித் தேய்த்துவிடாதீர்கள். தேய்ப்பதுதான் ஆபத்து. இழைகளை எடுத்துச் சுடுநீரும் விட்ட பின்னர் எரிவு மிச்சமிருந்தால் மேலே இலேசாகப் பூசலாம். திரண்டால் மிடுக்கு என்று நாம் பழமொழிக்கு மட்டும் வைத்திருக்கும் கொடிக்கு இப்படியும் ஒரு பயன்.

இனி வலையைப் பற்றி. சமூகவியல் படித்த காலத்தில் ‘மீனவர்’ என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார், யார் இல்லை என்று ஒரு வகுப்பு முழுவதும் விவாதித்தோம். முல்லைத்தீவுக் கரையில் அந்த விவாதத்தை நேரில் காண்கிறேன். கடலுக்குப் போய் வருபவர் தொழிலாளி. அவர் கொண்டுவந்து போட்ட வலையில் இருந்து மீனைக் கழற்றுபவளும், குப்பையும் சொறியும் நீக்குபவளும் ‘உதவிக்கு நிற்பவள்’. அவளுக்குச் சங்கத்தில் அங்கத்துவம் இல்லை. அவளுடைய கை எரிந்தால் அது தொழில் விபத்தும் இல்லை. சொறி அதிகம் வரும் நாட்களில் இழைத்துண்டுகள் எல்லாம் அவள் விரலில்தான் படுகின்றன. வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினால் கண்ணிலும் படும்.

வலையை உதறும் முன்னர் கடல் தண்ணீரால் நன்றாக அலசுங்கள். கையால் முகத்தைத் தொடாதீர்கள், சேலைத் தலைப்பால் துடைக்காதீர்கள், அதிலும் ஒட்டியிருக்கும். காய்ந்த வலையை உதறும்போது காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள். பாலூட்டும் தாய்மார் வலை வேலை முடிந்ததும் கையைக் கழுவி, சட்டையை மாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும்.

கையுறை போடச் சொன்னேன். பாத்திரம் கழுவும் றப்பர் கையுறையை மீன் முள்ளு இரண்டே நாளில் கிழித்துவிடுகிறது, துணிக் கையுறை நனைந்தால் வலைக் கண்ணுக்குள் விரல் போகாது என்று அங்குள்ள பெண்கள் சொன்னார்கள். இப்போது மெல்லிய றப்பர் கையுறைக்கு மேல் விரல் நுனி வெட்டிய பழைய காலுறையை மாட்டிப் பார்க்கிறார்கள். முள்ளுக்குக் காலுறை, சொறிக்கு றப்பர். தேத்தண்ணிக்குக் கொண்டுபோகும் சுடுதண்ணிப் போத்தல் காணாது, வாடியில் பெரியதாக ஒன்று நிரந்தரமாக வைக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். போத்தலுக்கும் கையுறைக்கும் யார் காசு போடுவது, பெண்களின் சேமிப்புக் குழுவா, வலைக்காரரா என்பது அடுத்த கூட்டத்தில் முடிவாகும். வலைக்காரர்தான் போட வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கூட்டத்திலும் சொல்வேன்.